வெள்ளைக்கல் மில்

முகத்தில் மாட்டியிருந்த ஒட்சிசன் மூடியை அப்பா மறுபடியும் கழற்றப் பார்த்தார். அனற் அவருடைய கையைப் பிடித்தாள். எலும்பும் தோலுமாய்ப் போன கை. ஆனாலும் அவர் விடாமல் இழுத்தார்.

"கழட்டாதீங்கப்பா. அதுலதான் காத்து வருது."

டக்ளஸ் மகளைப் பார்த்தார். வாய் திறந்தே இருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அத்தனை பாடுபட்டும் உள்ளே ஒன்றும் போகவில்லை என்பது அந்தக் கண்களில் தெரிந்தது. அனற்றுக்கு அந்தக் கண்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் அம்மா டொரதி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் றொட்னி மாமா நின்றார். அம்மாவின் தம்பி. காலையில் ஏதோ பெரிய இடத்துக் கூட்டத்துக்குப் புறப்பட்டவர், செய்தி கேட்டதும் அதே வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்திருந்தார். போர்வைக்கு மேலால் அப்பாவின் பாதங்களைப் பிடித்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு டொக்டர் வந்தாள். இளம் வயதுச் சிங்களப் பெண். எக்ஸ்றே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்பு கேட்டதையே மறுபடியும் கேட்டாள். இவர் என்ன வேலை செய்தவர்?

"கொத்து வேலை," என்றார் மாமா சிங்களத்தில். "சின்ன வயசுல இருந்து அதுதான்."

டொக்டர் தலையாட்டவில்லை. அவளுடைய பார்வை அனற்றின் காதோரத்து முடியில் வந்து நின்றது. மில்லில் இருந்து நேரே வந்திருந்த அனற் கையை உயர்த்தி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மாவுபோல் ஒட்டியது.

"நங்கி என்ன வேலை செய்றீங்க?" தங்கச்சி என்பதுபோல் பரிவாகக் கேட்டாள்.

"ஒபீஸ்ல இருக்கா," என்றார் மாமா.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அப்பா கண்களைத் திருப்பி மாமாவைத் தேடினார். மூடிக்குள் உதடுகள் அசைந்தன. மாமா குனிந்து காதைக் கொடுத்தார்.

"புள்ளய..." என்றார் அப்பா. அதற்குமேல் வரவில்லை.

"நான் பாத்துக்கிறேன் மச்சான். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

அப்பா தலையை இடமும் வலமுமாக அசைத்தார். மூடி விலகியது. அதைச் சரிசெய்ய அனற் குனிந்தபோது அவர் அதை இழுக்கவில்லை. கை அவள் கைக்குள் அப்படியே கிடந்தது. அம்மாதான் முதலில் உணர்ந்தாள். செபமாலையை நிறுத்திவிட்டு, "என்னாங்க," என்று கூப்பிட்டாள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள்.

திரையை இழுத்து மூடிவிட்டார்கள். கை கழுவுகிற தொட்டியடியில் அனற் நின்றிருந்தபோது டொக்டர் பக்கத்தில் வந்து நின்றாள். மாமா போனில் பேசிக்கொண்டே வராந்தாவின் கோடிக்குப் போயிருந்தார்.

"மரணச் சான்றிதழ்ல நான் கையெழுத்து வைக்க மாட்டேன் நங்கி," என்றாள் அவள் தணிந்த குரலில். "நாளைக்குக் காலையில மரண விசாரணை அதிகாரி வருவார். உங்க வீட்டு ஆள் ஒருத்தரிடம் வாக்குமூலம் எடுப்பார். உங்க அப்பாவோட நெஞ்சுல இருக்கிறது கல்லுத் தூள். கொத்து வேலைக்காரருக்கு இவ்வளவு வேகமாக இது வராது." குழாயை மூடினாள். "உங்களுக்கு இருமல் இருக்கா?"

"இல்ல மிஸ்," என்றாள் அனற்.

சொல்லி முடிப்பதற்குள் தொண்டைக்குள் அது கிளம்பிவிட்டது. எச்சிலை விழுங்கி அதை அடக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா செத்ததற்காக அழுகிறாள் என்று பக்கத்தில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

*

மஹய்யாவவில் றொட்னியைத் தெரியாதவர்கள் இல்லை. லயம் எனும் வரிசை வீடுகளில் ஒன்றின் பின்கட்டில், மாத்தளைப் பக்கமிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லை ஒரு பழைய மெஷினில் அரைத்து, சோப்புத் தூளையும் எலுமிச்சை வாசத்தையும் சேர்த்து, பாத்திரம் துலக்கும் பவுடராக வீடு வீடாய்க் கொண்டுபோய் விற்றவர். அரைத்தவர்கள் அவரும் அவருடைய மச்சான் டக்ளசும். பக்கற் ஒட்டியவள் டொரதி, மெழுகுதிரியில் காட்டிக் காட்டி. 'முத்தொளி' என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த அனற்.

பிறகு அக்குறணைப் பாதையில் ஒரு பழைய ஸ்டோரை வாடகைக்கு எடுத்தார்கள். மில் வந்தது. கடைகள் கேட்டன. சுப்பர் மார்க்கட்காரர்கள் கேட்டார்கள். மாவட்டத்தின் சிறந்த தொழில் முனைவோர் என்று மேடையில் ஏற்றி மாமாவுக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் படம் பேப்பரில் வந்தபோது லயத்தில் எல்லா வீட்டிலும் வெட்டி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளக் காரணமும் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்த பெண்களை அவர் மில்லில் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு சப்பாத்து, கொப்பி, ரியூஷன். அனற் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்தட்டுப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

தூசை இழுக்கிற மெஷின் ஒன்று வாங்கவேண்டும் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஓடர் முடியட்டும் என்பார். அந்த ஓடர் முடிந்தபோது அதைவிடப் பெரிய ஓடர் வந்தது. இன்னொரு மில் வாங்கினார். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு எல்லோரும் வேலை செய்தார்கள். சாயங்காலம் ஆளையாள் பார்த்து, கிழவிகளாகிவிட்டோம் என்று தலைமுடியைக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். அனற்றும் சிரித்திருக்கிறாள். பக்கற் பகுதியில் அவள்தான் மேற்பார்வை.

அப்பாவுக்கு முதலில் படியேற முடியாமல் போனது. பிறகு படுக்க முடியாமல் போனது. மாமா தனியார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கூட்டிப்போனார். எங்கே போனாலும் கொத்து வேலை என்றே சொன்னார். அப்பாவும் அப்படியே சொன்னார்.

இப்போது வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது மாமாவே ஓட்டினார். அம்மா பின்னால் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சந்தி ஒன்றில் வாகனங்கள் நின்றபோது மாமா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார்.

"விசாரணைக்காரர் வர்றார்னு வார்டுல சொன்னாங்க. நாளைக்கு ஒன்னத்தான் கேப்பாங்க அனற். மகள்தான் சொல்லணும்."

"ம்."

"ஒனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. ஒரு வார்த்தை மாறினா மில்லப் பூட்டிருவாங்க. எத்தன குடும்பம்னு யோசிச்சுப் பாரு. மெஷினுக்கு நான் சொல்லிட்டேன். சத்தியமா சொல்லிட்டேன். இந்தியாவுல இருந்து வருது."

அனற் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கால் மெல்ல மூச்செடுத்தாள். வேனுக்குள் இருமிவிடக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போதிருந்த நினைப்பு.

*

லயத்து முகப்பில் வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. மாமா சொல்லி அனுப்பியிருந்த கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மில்லைப் பாதி நாளில் நிறுத்திவிட்டு எல்லோரும் வந்திருந்தார்கள். பால் விடாத பிளேன்டி கொடுத்தார்கள், பாத்திரம் கழுவினார்கள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பாதான் இன்னும் வரவில்லை.

அனற் அவர்களுடைய முகங்களைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை காதில் விழாதது இன்றைக்கு விழுந்தது. பின்கட்டில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தவள் வாசலில் நின்று, பேச்சு வராமல் கையைக் காட்டினாள். செபம் சொல்லும்போது நடுவில் யாரோ இருமினார்கள், இன்னொருவர் இருமினார், பிறகு மூலையில் இருந்து ஒன்று.

பக்கற் மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் றேணுகா, அவளைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

"நாளைக்கு என்னா சொல்லப்போற?"

"தெரியல."

"தெரியலன்னா?" றேணுகா கதவைச் சாத்தினாள். "நான் குவைத்துல இருந்து வந்தப்ப என் சின்னவன் என்னைப் பாத்துட்டு ஒளிஞ்சிக்கிட்டான். இப்பத்தான் அம்மான்னு கூப்பிடுறான். மில்லு மூடினா நான் மறுபடியும் போகணும். அத மட்டும் நெனச்சுக்க."

"ஒனக்கு மூச்சு வாங்குறதில்லயா அக்கா?"

சாத்திய கதவை றேணுகா தானே திறந்துகொண்டு போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் புசல்லாவையில் இருந்து சுப்பம்மா வந்து சேர்ந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளுடைய புருஷன் கறுப்பையா மில்லின் ஆரம்ப நாட்களில் அப்பாவோடு கல் போட்டவர். முடியாமல் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ச் செத்துப்போனார். டிபி என்றார்கள். சாவுக்கு மாமா பெட்டியும் பஸ்சும் அனுப்பினார்.

சுப்பம்மா அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அனற்றைக் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பா எங்கூட்டுக்காரர கடைசியாப் பாக்க வந்தாருல்ல, தெரியுமா?"

"தெரியும். ஒரு ஞாயித்துக்கிழம."

"உள்ள வந்து பாத்துட்டு வெளிய போயிட்டாரு. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். லயத்துச் செவத்துல கையை வச்சுக்கிட்டு அழுதுகிட்டு நின்னாரு. 'சுப்பம்மா, என் புள்ளயும் அங்கதான் நிக்கிறா. அவள எப்பிடியாவது வெளிய எடுக்கணும். மச்சான்கிட்ட கேக்கணும்'னாரு." சுப்பம்மா அனற்றின் கையைத் தொட்டாள். "எடுத்துட்டாங்களாம்மா? ஒன்ன ஒபீஸ்ல போட்டுட்டாங்களா?"

அனற் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் செபமாலை அசையாமல் இருந்தது. அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது.

"கேட்டாரு," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "தம்பி இந்த ஓடர் முடியட்டும்னு சொல்லிச்சு."

வேறு வேலை பார் என்று அப்பா ஒருமுறை சொன்னது அனற்றுக்கு ஞாபகம் வந்தது. மாமாவோடு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு, அவள் அன்றைக்கு மாமாவுக்காகப் பரிந்து பேசினாள். அப்பா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால்தான் நிறுத்தினாரோ என்னவோ.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமினாள். வெகுநேரம் இருமினாள். நிமிர்ந்தபோது கதவடியில் அம்மா நின்றாள். கையில் துவாய் இருந்தது. அதை நீட்டினாள். எத்தனை நாளாக என்று அவள் கேட்கவில்லை. அனற் வாங்கி வாயைத் துடைத்தாள்.

*

மரண விசாரணை அதிகாரி வயதான மனிதர். பிரேத அறைக்குப் பக்கத்துச் சிறிய அறையில் மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிரே கதிரைகளில் அம்மா, அனற், மாமா. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் சத்தம் கேட்டது.

பெயர், வயது, விலாசம் எல்லாவற்றையும் மாமா சொன்னார். நல்ல சிங்களம், மரியாதையான பேச்சு. தொழில் என்று வந்ததும் அதிகாரி பேனையை நிறுத்தினார்.

"மகள் சொல்லட்டும்."

கொத்து வேலை. இரண்டு சொல். சொல்லிவிட்டால் அப்பாவை வெட்டாமல் கொடுத்துவிடுவார்கள். லயத்துக்குத் தலைநிமிர்ந்து போகலாம். றேணுகா வந்து கட்டிக்கொள்வாள். திங்கட்கிழமை பக்கற் மேசைக்கு முன்னால் போய் நிற்கலாம். அங்கே நிற்பதை நினைத்தபோது அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய முழங்கால் நகர்ந்துவந்து அனற்றின் முழங்காலோடு ஒட்டி நின்றது.

"கல்லு அரைக்கிற மில்லுல," என்றாள் அனற்.

மாமா அசையவில்லை.

"எங்கே?"

"அக்குறணைப் பாதையில. பாத்திரம் துலக்குற பவுடர் செய்றது."

"எவ்வளவு காலம்?"

"ஆரம்பத்துல இருந்தே."

"மில் யாருடையது?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லுக்குப் பதிலாக இருமல் வந்தது. காலையில் இருந்து அடக்கிவைத்திருந்தது முழுவதும் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். அவள் நிமிர்ந்தபோது முகத்துக்கு நேரே மூடி திறந்த ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதைப் பிடித்திருந்தது மாமாவின் கை.

"என்னுடையது," என்றார் றொட்னி அதிகாரியிடம். பிறகு அனற்றின் பக்கம் திரும்பி, "குடி," என்றார்.

*

பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கதிரைகள் அப்படியே வரிசையாக இருந்தன. உட்கார ஆளில்லை. மறுநாள் காலையில் தொழில் திணைக்களத்துக்காரர்கள் வந்து மில் கேட்டைப் பூட்டி, கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள் என்ற செய்தி வந்தது. லயத்தில் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வந்தால் பரவாயில்லை என்று அனற்றுக்கு இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டியருகே நின்று சிலுவை போட்டார்கள். அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு, கொடுத்த பிளேன்டியை வாங்காமல் போனார்கள். றேணுகா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அனற் எழுந்து நின்றாள். றேணுகா அவளைத் தாண்டிப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவளையே தாண்டித் திரும்பிப் போனாள். அந்தப் பிள்ளைதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

சுப்பம்மா மட்டும் புசல்லாவைக்குத் திரும்பாமல் அம்மாவோடு இருந்தாள். ராத்திரி முழுக்க யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அனற் பயந்துகொண்டு கிடந்தாள். யாரும் தட்டவில்லை. கீழ் வீடுகளில் இருந்து அவ்வப்போது இருமல் சத்தம் கேட்டது. எது யாருடையது என்று அவளுக்குப் பிரித்துத் தெரிந்தது.

அடக்கத்துக்கு பாதர் வந்தார். பெட்டி தூக்க ஆள் போதவில்லை. கோயில் சபையில் இருந்து சிலர் வந்திருந்தார்கள். லயத்து ஆண்கள் தள்ளி, ரோட்டோரமாக நின்றார்கள். பாதர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் கால்களைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். வேனில்லை, நடந்து வந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டி அழுக்காகியிருந்தது. அம்மாவின் முன்னால் ஒரு கணம் நின்றார். அம்மா முகத்தைத் திருப்பவில்லை. அவர் குனிந்து பெட்டியின் முன்மூலைக்குத் தோள் கொடுத்தார்.

மஹய்யாவ கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த இடம் மேலே, மதிலுக்குப் பக்கத்தில். பாதை செங்குத்தாக ஏறியது. மழை பெய்து விட்டிருந்தது, செம்மண் வழுக்கியது. அனற் பெட்டியை ஒட்டியே நடந்தாள். மாமாவின் காது அவளுக்குக் கிட்டத்தில் இருந்தது. அந்தக் காதுக்குக் கீழே, கழுத்து நரம்பு இழுபடுவதைக் கண்டாள். முதலில் பாரத்தால் என்று நினைத்தாள்.

பாதி வழியில் அவர் நின்றார்.

"கொஞ்சம் வைங்க," என்றார்.

கல்லறை ஒன்றின் மேடையில் பெட்டியை இறக்கினார்கள். மாமா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். வாய் திறந்திருந்தது. தோள்கள் மேலே ஏறின, இறங்கின, மறுபடியும் ஏறின. யாரோ முதுகைத் தடவப் போனார்கள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார் கொஞ்சம் கழித்து. "வெயில்."

வானம் மூடிக்கிடந்தது. மலைப்பக்கம் இன்னொரு மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

அவர் நிமிர்ந்து மறுபடியும் பெட்டியைத் தொட வந்தார். அதற்குள் அனற் முன்மூலைக்குப் போய்விட்டிருந்தாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தோளைக் கொடுத்தாள். மற்றவர்கள் தூக்கினார்கள். மரம் கழுத்தெலும்பில் அழுந்தியது. மற்ற முன்மூலையைத் தூக்கியவர் அவளுக்காக நடையைக் குறைத்தார்.

பெட்டி மேலே ஏறியது. பின்னால் மாமாவின் சப்பாத்து ஈர மண்ணில் அழுந்தி எழும் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தது. சில அடி வரும், நின்றுவிடும். பிறகு சில அடி வரும்.